முப்பத்தேழாம் பக்கத்துப் பொட்டு

ஏம்மா, இது வடகுறிச்சி போற வண்டிதானே? போர்டைப் பாத்துத்தான் ஏறுனேன். ஆனா இப்பல்லாம் எழுத்தை அவ்வளவு பொடிசா எழுதி வைக்காவ. கண்டக்டர்ட்ட கேட்டா, "போர்டைப் பாத்து ஏறக் கூடாதா"ன்னு என்னைய ஏசுதான். பாத்தேன்யா, சரியாத்தான் இருக்கும்னு நெனைச்சு ஏறுனேன்னு சொன்னேன். அதுக்கும் சிரிக்கான்.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க. கையில என்ன, பரீட்சைப் பேப்பரா? டீச்சரா நீங்க? நல்லதாப் போச்சு. நீங்க திருத்துங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டு வாறேன். காது சும்மாத்தானே இருக்கு.

எனக்குப் பாறைக்குளம். பேரு உலகம்மா. வடகுறிச்சி நூலகத்துல புத்தகம் திருப்பிக் குடுக்கப் போறேன். வேற சோலி ஒண்ணும் கிடையாது. அந்த ஊருல எனக்கு யாரும் இல்லை. யாரும் இல்லைன்னா, அக்கா ஒருத்தி இருக்கா. கூடப் பொறந்தவ, ஆவுடை. ஆனா அவளப் பாக்கப் போகலை. ஏழு வருஷமாப் பேச்சு கிடையாது. நான் போறது புத்தகத்துக்கு. அத முதல்லயே சொல்லிருதேன்.

அந்த ஊருப் புத்தகம் என் கைக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்கிய, என்ன? நல்ல கேள்வி. எங்க ஊரு நூலகத்துல ஜெபசெல்வின்னு ஒரு பிள்ளை இருக்கா, நூலகர். தங்கமான பிள்ளை. நம்ம கிட்ட இல்லாத புத்தகம் கேட்டா "இல்லை"ன்னு மூஞ்சியத் திருப்ப மாட்டா. ஒரு நோட்டுல எழுதிக்கிடுவா. மாசத்துக்கு ஒருவாட்டி தென்காசியில நூலகர்களுக்கெல்லாம் கூட்டம் நடக்கும். முன்னால ஆபீசரு பேசிட்டு இருப்பாவ, கடைசி வரிசையில பை கைமாறும். பாறைக்குளத்துப் புத்தகம் வடகுறிச்சிக்குப் போகும், வடகுறிச்சிப் புத்தகம் கடையநல்லூருக்குப் போகும். படிச்சு முடிச்சா அடுத்த கூட்டத்துல அதது அததோட ஊருக்குப் போய்ச் சேரும். நாம உக்காந்த இடத்துல உக்காந்திருக்கலாம்.

அப்ப நீங்க ஏன் பஸ் ஏறி வாறிய, ஜெபசெல்வி கிட்டக் குடுத்தா அவ கொண்டு போவாள்லான்னு கேப்பிய. கேளுங்க. அதச் சொல்லத்தானே வாறேன்.

போன வருஷம் ஒரு துப்பறியும் கதை வேணும்னு கேட்டேன். எனக்குத் துப்பறியும் கதைன்னா உசுரு. எங்க ஊருல இருக்கிறது பூராவும் படிச்சாச்சு. ஜெபசெல்வி எங்கெல்லாமோ கேட்டு, வடகுறிச்சியில இருந்து வாங்கிட்டு வந்தா. அந்த ஊருப் பேரக் கேட்டதுமே எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா புத்தகம் என்ன பாவம் பண்ணுச்சு? வாங்கிட்டு வந்தேன். காப்பியப் போட்டு வச்சுக்கிட்டு, முதல்ல முப்பத்தேழாம் பக்கத்தத் திறந்தேன்.

ஏன் முப்பத்தேழுன்னு கேளுங்க.

நானும் ஆவுடையும் சின்னதுல ஒரு நாளைக்கு ஒரு புத்தகம் படிக்கிற ஆளுக. அப்ப வர்ற துப்பறியும் கதை எல்லாத்துக்கும் அட்டை ஒண்ணு போலத்தான் இருக்கும். ஒரு துப்பாக்கி, ஒரு பொம்பளை, கீழ கொஞ்சம் ரத்தம். வீட்டுக்குக் கொண்டுவந்து இருபது பக்கம் படிச்ச பிறகுதான் தெரியும், அடச்சே, இது போன மாசம் படிச்ச டாக்டரு கொலைல்லா! ஒரு நாள் வீணாப் போயிரும். ஆவுடைதான் ஒரு வழி கண்டுபிடிச்சா. நூலகக்காரங்க ரகசியமா ஒரு பக்கம் வச்சு முத்திரை குத்துவாங்கள்லா, அத மாதிரி நமக்கும் ஒரு பக்கம். முப்பத்தேழாம் பக்கம், கீழ நம்பர் போட்டிருக்கும் பாருங்க, அதுக்கு வலது பக்கம் பென்சிலால ஒரு பொட்டு. அது ஆவுடை. இடது பக்கம் பொட்டு வச்சா நான். எடுக்கிற இடத்துலயே விரிச்சுப் பாத்துக்கிடலாம்.

நூலகப் புத்தகத்துல எழுதக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கேன்னு டீச்சரு மனசுல நெனைக்கிய. பொட்டு எழுத்தா, சொல்லுங்க?

அதுக்குச் சட்டதிட்டம் வேற வச்சிருந்தா ஆவுடை. முழுசா முடிச்சாத்தான் பொட்டு. பாதியில விட்ட புத்தகத்துக்குக் கிடையாது. கொலைகாரன் யாருன்னு பின்பக்கத்தைப் புரட்டிப் பாத்துட்டு நான் ஒருவாட்டி பொட்டு வச்சிட்டேன். ரப்பரால அழிச்சிட்டு, "படிச்சிட்டு வைட்டி"ன்னு தலையில கொட்டுனா. அதே மாதிரி, பொட்டு வச்ச புத்தகத்த மறுபடி கையால தொட மாட்டா. நான் பிடிச்ச கதைய நாலுவாட்டி படிப்பேன். அவ ஒருவாட்டிதான். "முடிஞ்சது முடிஞ்சதுதான். உலகத்துல வேற புத்தகமா இல்லை?"ம்பா. அவ அப்படித்தான், எல்லாத்துலயும்.

ஆங், போன வருஷம். முப்பத்தேழாம் பக்கத்தத் திறந்தேன். வலது பக்கம் ஒரு பொட்டு.

எனக்கு ஒண்ணும் ஆகலை. காப்பி ஆறிப்போச்சு, அவ்வளவுதான்.

படிச்சு முடிச்சு, இடது பக்கம் என் பொட்ட வச்சுத் திருப்பிக் குடுத்தேன். அந்தப் புத்தகம் ரொம்ப நல்லா இருந்துச்சா, அதனால வடகுறிச்சியிலதான் தரமான புத்தகம் இருக்குன்னு எனக்கு ஒரு எண்ணம் வந்துருச்சு. அடுத்த மாசமும் அங்க இருந்தே கேட்டேன். அதுக்கு அடுத்த மாசமும் கேட்டேன். ஒருவாட்டி ஜெபசெல்வி, "யக்கா, நீங்க கேட்ட புத்தகம் நம்ம அலமாரியிலயே இருக்கு, இந்தா பாருங்க"ன்னு எடுத்துக் காட்டுதா. எனக்குக் கோவம் வந்துட்டு. "அது அட்டை அழுக்கா இருக்கு, எனக்குத் தூசி ஆகாது, வடகுறிச்சியில இருந்தே வரவழை"ன்னேன். அவ என் மூஞ்சியவே பாத்தா. நோட்டுல எழுதிக்கிட்டா.

எங்க வீட்டுக்காரவ இருக்காவளே, அவங்க ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே சொன்னாவ: "போன் போட்டா மூணு நிமிஷம். இவ தென்காசியச் சுத்திப் புத்தகம் வரவழைக்கா." எனக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை, நான் கதை படிக்கேன்னு சொன்னேன். "சரி, படி. எதுக்கு முப்பத்தேழாம் பக்கத்துல இருந்து ஆரம்பிக்க?"ங்காவ. அவங்களுக்குக் குழம்பு ஊத்தலை அன்னைக்கு.

பிறகு ஒரு சோதனை பண்ணிப் பாத்தேன். சும்மாதான், ஒரு துப்புத் துலக்குறதுக்காக. புதுசா வந்த புத்தகம் ஒண்ணு வாங்குனேன். அதுல அவ பொட்டு இல்லை, இன்னும் படிக்கலை. நான் படிச்சு இடது பக்கம் வச்சு அனுப்பிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு அதே புத்தகத்த மறுபடி கேட்டேன். வந்துச்சு. வலது பக்கம் பொட்டு! அப்ப அவ என் பொட்டப் பாத்துட்டா. பாத்துட்டு, பக்கத்துல அவ பொட்ட வச்சுட்டு, கம்முன்னு இருக்கா. ஒரு வார்த்தை எழுதி வைக்கலை பாருங்க. திமிரு.

நான் எழுதுனேனாவா? நான் எதுக்கு எழுதணும்? நூலகப் புத்தகத்துல எழுதக் கூடாது டீச்சர், போர்டு போட்டிருக்கு.

இப்ப என்ன ஆச்சுன்னா, மூணு மாசமா பொட்டக் காணோம். நாலு புத்தகம் வந்துச்சு, நாலும் துப்பறியும் கதை. அதுல ரெண்டு, அவ விடவே மாட்டா, அடிச்சுப் பிடிச்சு முத ஆளாப் படிச்சிருப்பா. முப்பத்தேழாம் பக்கம் வெள்ளையா இருக்கு. வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன், வாசல்ல கொண்டுபோய்ப் பாத்தேன். ஒண்ணுமே இல்லை. எனக்கென்ன, யாரு படிச்சா என்ன, படிக்காட்டா என்ன? ஆனா ரெண்டு நாள் ரசத்துல உப்புப் போட மறந்துட்டேன். அவளுக்குப் பிரஷர் உண்டு, எங்க அம்மைக்கும் உண்டு, அதுலதான் அம்மை போனா. மாத்திரையும் ஒழுங்கா முழுங்க மாட்டா. ஜெபசெல்வி அவளாவே வந்து கேட்டா, "யக்கா, வடகுறிச்சியில யாரையாவது விசாரிக்கணும்னா சொல்லுங்க, கேட்டுட்டு வாறேன்"னு. எனக்கு யாரையும் விசாரிக்க வேண்டாம்னுட்டேன். வீட்டுக்காரவ, "நானாவது போன் போடுதேனே"ன்னாவ. போட்டா நான் தோத்த மாதிரில்லா ஆயிரும்? போடக் கூடாதுன்னுட்டேன்.

அதான், புத்தகத்தக் கையோட குடுத்துட்டு வந்துருவோம்னு கிளம்பிட்டேன். போற வழியிலதான் அவ வீடு. கதவு திறந்திருக்கா, வாசல்ல கோலம் கிடக்கான்னு நடந்துக்கிட்டே பாத்துருவேன். நிக்கக்கூட மாட்டேன்.

என்ன டீச்சர்? இன்னைக்கு வெள்ளிக்கிழமையா? ஆமா, வெள்ளிக்கிழமைதான். ஆமா, நூலகத்துக்கு லீவுதான். நாப்பது வருஷமா நூலகத்துக்குப் போறவளுக்கு அது தெரியாதா? தெரியும். காலையில அவசரத்துல… அத விடுங்க. நீங்க அந்தப் பேப்பரத் திருத்துங்க. பாவம், பிள்ளை எவ்வளவு எழுதியிருக்கு, நீங்க பெருசா முட்டை மார்க்கு சுழிச்சு வச்சிருக்கிய.

சண்டை எதுக்கா? அதையும் கேட்டுருங்க. நியாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க, நாலு பேருக்கு மார்க் போடுற ஆளு.

என் மக சங்கரிக்குக் கல்யாணம். ஆவுடைக்குப் பிள்ளை கிடையாது. சங்கரிய எடுத்து வளத்தது பூராவும் அவதான். நான் தையல் மிஷினே கதின்னு கிடந்தேன், லீவு விட்டா பிள்ளை வடகுறிச்சியிலதான் இருப்பா. கல்யாணச் சேலைகூட அவதான் எடுத்தா. அன்னைக்குக் காலையில பூத்தட்டக் கையில வச்சுக்கிட்டு மணமேடைக்குப் பக்கத்துல நின்னா, நல்லாத்தான் நின்னா. மாப்பிள்ளையோட அத்தைக்காரி ஒருத்தி, எல்லாரையும் அதட்டுற பொம்பளை, "தாலி கட்டுற நேரத்துல மேடையில பிள்ளை பெத்தவங்க நின்னாப் போதும், மத்தவங்க கீழ இருந்து பாக்கட்டும்"னு சொல்லிட்டு இருந்தா. பொதுவாத்தான் சொன்னா. போட்டோ எடுக்கிற ஆளக்கூட விரட்டுனா. நான் அத ஒண்ணும் பெருசா எடுத்துக்கிடலை, எனக்கு ஆயிரம் சோலி.

கெட்டிமேளம் கொட்டியாச்சு. தாலி கட்டியாச்சு. திரும்பிப் பாத்தா ஆவுடையக் காணோம். அட்சதை போட அவ இல்லை. சங்கரி, "பெரியம்மை எங்கம்மா, பெரியம்மை எங்க"ன்னு மாலையோட தேடுதா. நான் மண்டபம் பூராவும் தேடி, கடைசியில பொண்ணு அறையில போய்ப் பாத்தா, கதவச் சாத்திக்கிட்டு, மூலையில ஒரு நாற்காலியில உக்காந்து புத்தகம் படிச்சுட்டு இருக்கா! பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வச்சு, புத்தகம்! "என்ன பண்ணுத?"ன்னேன். நிமிந்துகூடப் பாக்கலை. "கடைசி அத்தியாயம் உலகு, ரெண்டு நிமிஷம்"ங்கா.

எப்படி இருக்கும் எனக்கு? சொல்லுங்க. தூக்கி வளத்த பிள்ளைக்குத் தாலி ஏறுது, இவளுக்குக் கொலைகாரன் யாருன்னு தெரியணும். வந்துச்சு பாருங்க எனக்கு ஆத்திரம். புத்தகத்தக் கையில இருந்து புடுங்குனேன். ஒரு வார்த்தை சொன்னேன். சம்பந்தி வீட்டுப் பொம்பளைகளும் வாசல்ல வந்து நின்னுட்டாவ. என்ன வார்த்தைன்னு இப்ப ஞாபகம் இல்லை. ஒரு வார்த்தைதான்.  எந்திரிச்சா, பூத்தட்ட என் கையில குடுத்தா, போயிட்டா. சாப்பிடலை. அவ வீட்டுக்காரவ, எங்க அத்தான், பந்தியில உக்காந்திருந்தாவ, அவங்களும் இலைய மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டாவ. அன்னைக்கோட பேச்சு நின்னு போச்சு.

இப்ப சொல்லுங்க, யாரு மேல தப்பு?

பேசாம இருக்கிய. சரி, அப்பறமாச் சொல்லுங்க.

இந்தா, பையில மூணு புத்தகம் இருக்கு. ரெண்டு இப்ப வந்தது. மூணாவது இருக்கே, அதுதான் அன்னைக்குப் புடுங்குன புத்தகம். அது வடகுறிச்சி நூலகத்துப் புத்தகம், முத்திரை குத்தியிருக்கு. ஏழு வருஷமா என் பீரோவுல துணிக்கு அடியில கிடக்கு. அத எப்படி நான் ஜெபசெல்வி கிட்டக் குடுப்பேன்? கடன் வாங்கிக் குடுக்கிற பிள்ளை, ஏழு வருஷமா ஒரு புத்தகத்த அமுக்கி வச்சவன்னு என்னைய நெனைக்கமாட்டாளா? அதுக்குத்தான் நேர்ல போறேன். நான் அதத் திறந்துகூடப் பாத்ததில்லை. பிடிவாதம்னா பிடிவாதம்தான். அவ முடிக்காத கதைய நானும் படிக்க மாட்டேன்னு வச்சுட்டேன்.

நான் சொல்லுறது பொய்யின்னு நெனைச்சா, இந்தா, இந்தப் புதுப் புத்தகத்தப் பாருங்க. முப்பத்தேழாம் பக்கம். கீழ. இருக்கா? ஒண்ணும் இல்லை, பாத்தியளா?

என்னது?

இருக்கா? எங்க? விரல வச்சுக் காட்டுங்க. வலது பக்கமா? மெலிசாவா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. சன்னல் பக்கமாப் பிடிங்க. ம்ஹூம். இந்தா, இதப் பாருங்க, இதுலயுமா? இதுலயும் இருக்கா?

கிழிஞ்சது போ.

அப்ப மூணு மாசமா அவ பாட்டுக்குப் பொட்டு வச்சுட்டுத்தான் இருந்திருக்கா. கண்ணுல புரை விழுந்திருக்கும், டாக்டர்ட்டக் காட்டும்மான்னு சங்கரி சொல்லிக்கிட்டே இருந்தா. என்னையக் கிழவியாக்கப் பாக்கான்னு அவளப் பிடிச்சு ஏசுனேன். அச்சுக்காரன் மை ஊத்தாம அடிக்கான்னு நெனைச்சேன் டீச்சர். அந்த பஸ்ஸு போர்டும்… அதுவும் நல்லாத்தான் எழுதியிருக்கோ? சிரிக்காதிய. நல்லா இருக்கா, கழுதை. மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான் போடுதா போல. நல்லா இருக்கட்டும்.

அப்ப இனி நான் எதுக்குப் போறேன்? நூலகமும் லீவு. அடுத்த நிறுத்தத்துல இறங்கி எதிர் வண்டியப் பிடிச்சா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரலாம். என்ன சொல்லுதிய?

அத எதுக்கு எடுக்கிய? அது பழசு, அதுல பொட்டு இருக்காது. அவ முடிக்கலைன்னுதான் சொன்னேனே, கடைசி அத்தியாயத்துல நான் புடுங்கிட்டேன்.

என்ன அப்படிப் பாக்கிய?

இருக்காது. நல்லாப் பாருங்க, கொசு உக்காந்த கறையா இருக்கும். பென்சிலா? வலது பக்கமா?

இருங்க. யோசிச்சுப் பாத்துக்கிடுதேன்.

முழுசா முடிச்சாத்தான் பொட்டு வைப்பா. பொட்டு வச்ச புத்தகத்த மறுபடி தொட மாட்டா. கல்யாணப் பட்டோட மண்டபத்துல யாரு பென்சிலு வச்சிருப்பா? அப்ப வீட்டுலயே முடிச்சிருக்கா. பொட்டு வச்சிருக்கா. ஊருக்குத் திரும்புற வழியில நூலகத்துல குடுக்கிறதுக்காகப் பையில போட்டுட்டு வந்திருக்கா. அந்தப் புத்தகத்தத்தான் விரிச்சு வச்சுக்கிட்டு, கதவச் சாத்திக்கிட்டு…

அவ படிக்கலை டீச்சர். ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கா.

அந்த அத்தைக்காரி பொதுவாச் சொல்லலை. பூத்தட்டோட மேடைப் பக்கத்துல நின்ன பொம்பளைகள்ல பிள்ளை இல்லாதவ இவ ஒருத்திதான். நான் அங்கதான் நின்னேன். என் காதுலயும் விழத்தான் செஞ்சுது. "அவ இல்லாம என் மகளுக்குத் தாலி ஏறாது"ன்னு நான் ஒரு சொல்லு சொல்லியிருக்கணும். சொல்லலை. சம்பந்தி வீடு, எதுக்கு வம்புன்னு இருந்துட்டேன். இருந்துட்டு, அவளத் தேடிப் போய், நான் என்ன சொன்னேன் தெரியுமா?

ஞாபகம் இல்லைன்னேன்லா? பொய்யி. ஏழு வருஷமா ஒரு நாள் மறந்ததில்லை. "பிள்ளை பெத்திருந்தாத்தானே உனக்கு இதோட அருமை தெரியும்"னேன். எல்லாரும் கேக்க. யாருக்குப் பயந்து அவ கதவச் சாத்துனாளோ, அவங்க வாசல்ல நின்னு கேக்க.

தப்பு யாரு மேலன்னு நீங்க ஏன் பேசாம இருந்தியன்னு இப்பத் தெரியுது. பெரிய சுழியாப் போடுங்க. எனக்குத்தான்.

துடைக்க ஒண்ணும் வேண்டாம், முந்தானை இருக்கு. எனக்கு இந்தக் கண்ணு இப்படித்தான், புரைல்லா, தண்ணியா வடியும்.

இல்லை, இறங்கல. எதுக்கு அடுத்த நிறுத்தத்துல இறங்கணும்? நூலகம் லீவுன்னா என்ன, அவ வீடு லீவா? நேராப் போவேன். கோலத்தப் பாத்துட்டு நடக்க மாட்டேன், கதவத் தட்டுவேன். திறந்தா என்ன பேசுறதுன்னுதான் தெரியலை. மன்னிச்சுக்கோன்னா, "எதுக்குட்டி?"ன்னு ஒண்ணும் நடக்காத மாதிரி நிப்பா. எனக்கு அவளத் தெரியும். அதனால புத்தகத்த நீட்டுவேன். யக்கா, இந்தக் கதைய நான் இன்னும் படிக்கலை, இனிப் படிக்கக் கண்ணும் தெரியலை, முதல் பக்கத்துல இருந்து நீயே வாசிச்சுச் சொல்லுன்னு கேப்பேன்.

வடகுறிச்சி வந்துட்டா? அந்தப் பையக் கொஞ்சம் எடுங்க. கையப் பிடிச்சுக்கோங்க, படி எங்க இருக்குன்னு தெரியலை. தெரியலைன்னு வாயத் திறந்து சொல்லிட்டேன் பாத்தியளா?

ஏன் டீச்சர், அவ பொட்டு வச்ச புத்தகத்த மறுபடி கையால தொட மாட்டா. இந்த ஒருவாட்டி தொடுவாளா?